மறித்து வைத்த காசு

2024 ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம். கனடாவின் ஸ்காபரோவிலுள்ள தம்பியின் வீட்டிலிருந்து அமெரிக்காவின் நியூஜேர்சிக்குப் புறப்பட்டோம். உறவுக்காரப் பெண்ணொருத்தியின் திருமணம். போய்ச்சேர ஒன்பது மணித்தியாலமாவது எடுக்கும் என்றான் தம்பி. வழிச்செலவு முழுவதும் என்னுடையது என்று முதல்நாள் இரவே நான் பிரகடனம் செய்திருந்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாகக் குடும்பத்துக்காகச் செலவழித்தவன் அவன். ஒரு தடவையாவது அண்ணன் கொடுக்கட்டுமே என்பது எனது ஆசை. அவன் மறுக்கவில்லை. ஆனால் சிரித்தான். அந்தச் சிரிப்பின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

முதலாவது செலவு, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த எரிபொருள் நிலையத்தில். நமது நாட்டில் பெற்றோல் அடிப்பதற்கு ஒருவர் நிற்பார். "எவ்வளவுக்கு ஐயா?" என்று கேட்பார், பூச்சியத்தைக் காட்டுவார், அடித்து முடித்ததும் காசை வாங்குவார். இங்கே ஒருவருமில்லை. பம்பின் சிறிய திரை எவ்வளவு தொகைக்கு என்று கேட்டது. 50, 100, 150 என்று வரிசையாகக் காட்டியது. வானின் தாங்கி பெரியதாயிற்றே என்று 150 டொலரைத் தெரிவுசெய்து, கொழும்பில் எடுத்த எனது கடனட்டையைத் தொட்டேன். தம்பி குழாயைக் கையில் எடுத்தான். ஒரு துளி பெற்றோல்கூட இன்னும் இறங்கியிருக்காது, எனது கைத்தொலைபேசி அதிர்ந்தது. வங்கியின் குறுஞ்செய்தி. கணக்கிலிருந்து ஏறக்குறைய 33,000 ரூபா!

பத்திரிகைக்காரனுக்கு முதலில் வருவது சந்தேகம். "தம்பி, குழாயை வை. ஆரோ அட்டையைத் திருடிப்போட்டாங்கள்" என்று சத்தமிட்டேன். அவன் குழாயை எடுக்கவேயில்லை.

"உது எடுத்த காசில்லை அண்ணை, மறிச்சு வைச்ச காசு" என்றான்.

தாங்கி நிறைந்தபோது கணக்கு 92 டொலர்களும் சில சதங்களும். சற்று நேரத்தில் இன்னொரு குறுஞ்செய்தி வந்தது. இருபதாயிரம் ரூபாவுக்குச் சற்று மேல். முதலில் மறித்த 33,000 போய்விட்டதா என்று பார்த்தால், இல்லை. ஒரே பெற்றோலுக்கு இரண்டு தொகைகள் எனது கணக்கில் அருகருகே குந்திக்கொண்டிருந்தன. அடுத்த மூன்று நாட்களும் அப்படியே இருந்தன.

வட அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் இதை வாசித்துச் சிரிக்கக்கூடும். அவர்களுக்கு இது அன்றாடம். ஆயினும் அன்றாடம் செய்யும் ஒன்றைப்பற்றி நாம் யோசிப்பதில்லை. எனக்கு அது புதியது என்பதால் வழி நெடுகத் தம்பியைத் துருவித் துருவிக் கேட்டேன். திரும்பி வந்தபின் வாசித்தும் அறிந்தேன்.

பெற்றோல் ஒரு விசித்திரமான சரக்கு. கடையில் அரிசி வாங்கினால் நிறுத்து, விலை சொல்லி, காசை வாங்கிய பின்புதான் பொதியைக் கையில் தருவார்கள். அட்டை செல்லாவிட்டால் பொதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பம்பின் முன்னால் அட்டையைக் காட்டும்போதோ எத்தனை லீற்றர் இறங்கப்போகின்றது என்பது விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. தாங்கிக்குள் போனதைத் திரும்ப உறிஞ்சி எடுக்கவும் முடியாது. எனவே நிலையத்தின் கணினி, அட்டையைத் தந்த வங்கியிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கின்றது: "இவருக்கு இவ்வளவு தொகை வரை கொடுக்கலாமா?" வங்கி ஆம் என்றால் பம்ப் திறக்கும். அந்தத் தொகையை வங்கி மறித்து வைக்கும். அடித்து முடிந்ததும் உண்மையான கணக்குப் போகும், மறித்தது விடுவிக்கப்படும். விடுவிப்பதற்குச் சில வங்கிகள் சில மணித்தியாலங்கள் எடுக்கின்றன. சில வங்கிகளுக்கு நாட்கள் வேண்டும். எனது வங்கி கடல்கடந்து இருந்தது.

சில நிலையங்கள் 1 டொலர் மட்டும் கேட்டு அட்டைக்கு உயிர் இருக்கின்றதா என்று பார்க்கும். வேறு சில, முழு எல்லையையும் கேட்கும். எப்படிக் கேட்டாலும் ஒரு எல்லை உண்டு. அதுவரைதான் அட்டையின் பக்கம் பிணை நிற்கும். அதற்கு மேற்பட்ட தொகைக்குப் பின்னால் தகராறு வந்தால் நட்டம் நிலையத்தின் தலையில். ஆகவே அந்த எல்லையை எட்டியதும் பம்ப் தானாகவே நின்றுவிடும், தாங்கி அரைவாசியில் இருந்தாலும்கூட.

2008 இல் அமெரிக்காவில் இது பெரிய எரிச்சலாக வெடித்தது. அவ்வாண்டு ஜூலையில் ஒரு கலன் பெற்றோலின் சராசரி விலை 4 டொலர் 11 சதத்தைத் தொட்டது. பல நிலையங்களில் எல்லை 75 டொலர். கணக்குப் பார்த்தால் 18 கலன் வரும். அந்நாட்டின் பெரிய பிக்கப் வாகனங்களுக்கு அது எந்த மூலைக்கு? பம்ப் இடையில் நிற்க, மறுபடியும் அட்டையைப் போட்டு இரண்டாவது கணக்கைத் தொடங்கவேண்டியிருந்தது. 2022 ஜூன் நடுப்பகுதியில் சராசரி விலை 5 டொலரைத் தாண்டியபோது அதே கதை மீண்டும் வந்தது. அப்போது வீசாவும் மாஸ்டர்காட்டும் 125 டொலராக இருந்த எல்லையை 175 ஆக உயர்த்தின. எல்லை உயர்ந்ததும் வேறொரு கூட்டத்துக்கு அடி விழுந்தது. கணக்கில் இருநூறு டொலரோடு சம்பள நாளைப் பார்த்திருப்பவன், டெபிட் அட்டையைப் போட்டு முப்பது டொலருக்குப் பெற்றோல் அடிக்கின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 175 மறிக்கப்பட்டால் அன்று மாலை பால் வாங்க அவனிடம் இருபத்தைந்து டொலர்தான். பெரிய தாங்கி உள்ளவனின் வசதிக்குச் சிறிய கணக்கு உள்ளவன் தண்டம் கட்டுகின்றான். பிரித்தானியாவிலும், 1 பவுண் மட்டும் மறித்துவந்த பேரங்காடிப் பம்புகள் நூறு பவுண் அளவில் மறிக்கத் தொடங்கியபோது எழுந்த முறைப்பாடு இதுவேதான்.

நமக்கும் எல்லை தெரியாததல்ல. 2022 இல் இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20 என்று கியூஆர் குறியீட்டோடு வரிசையில் நின்றவர்கள் நாம். 2023 செப்டெம்பரில்தான் அந்த முறை கைவிடப்பட்டது. அன்று நாட்டிடம் டொலர் இல்லாததால் லீற்றருக்கு எல்லை வைத்தார்கள். அமெரிக்கப் பம்புக்குப் பெற்றோல் தாராளம். நீ யார் என்பதுதான் அதற்குத் தெரியாது.

எல்லையைக் கடந்து நியூயோர்க் மாநிலத்துக்குள் நுழைந்த பின்பு இது இன்னும் நன்றாக விளங்கியது. அங்கே ஒரு பம்ப் என்னிடம் தபால் குறியீட்டு இலக்கம் கேட்டது. அட்டைக்காரரின் விலாசத்திலுள்ள ஐந்து இலக்கங்கள். திருட்டு அட்டையோடு வருபவனுக்கு அது தெரிந்திராது என்பது ஏற்பாடு. நமது நாட்டுத் தபால் குறியீடும் ஐந்து இலக்கந்தானே என்று வெள்ளவத்தையின் 00600 ஐ மிகுந்த நம்பிக்கையோடு அழுத்தினேன். உள்ளே சென்று காசாளரைப் பார்க்கவும் என்றது திரை. வெள்ளவத்தையை அது அறிந்திருக்கவில்லை. கனடாக்காரருக்கு ஒரு வழி உண்டு என்றான் தம்பி. தங்கள் தபால் குறியீட்டில் எழுத்துக்களை நீக்கி, எஞ்சும் மூன்று இலக்கங்களோடு இரண்டு பூச்சியங்களைச் சேர்த்து அழுத்தினால் பல அட்டைகள் வேலைசெய்யுமாம். எனக்கு எந்த வழியும் இல்லை. உள்ளே சென்று, "நாலாம் பம்புக்கு அறுபது டொலர்" என்று சொல்லி முன்கூட்டியே கட்டிவிட்டு வந்தேன்.

நியூஜேர்சியில் ஓர் ஆறுதல் கிடைத்தது. அங்கே வாகனக்காரர் தாமே பெற்றோல் அடிப்பதை 1949 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கின்றது. ஓர் இளைஞன் ஓடிவந்து கண்ணாடியருகே குனிந்து எவ்வளவுக்கு என்று கேட்டான். வவுனியாவில் நிற்பது போலிருந்தது. ஆனால் அட்டையை வாங்கி அதே இயந்திரத்தின் வாயில்தான் அவனும் கொடுத்தான்.

அன்றிரவு எனது பிரகடனம் கவிழ்ந்தது. விடுதியில் இரண்டு அறைகளுக்குக் கட்டணத்தோடு மேலதிகமாகவும் ஒரு தொகையை மறித்திருந்தார்கள். பின்னர் எல்லோரும் ஒரு உணவகத்தில் சாப்பிட்டோம். தம்பியின் மனைவி, பிள்ளைகள், வேறு உறவினர் இருவர். கட்டணச்சீட்டு வந்ததும் தம்பி கையை நீட்டமுன் நான் பாய்ந்து பிடித்தேன். பணிப்பெண் எனது அட்டையோடு போனாள், திரும்பி வந்தாள். "மன்னிக்கவேண்டும், வேறு அட்டை இருக்கின்றதா?" என்றாள் மிகத் தாழ்ந்த குரலில். அவள் குரலைத் தாழ்த்திய காரணத்தினாலேயே மேசையில் இருந்த அத்தனைபேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் செலவழிக்காத காசு எனது அட்டையின் எல்லையை நிரப்பியிருந்தது. ஐம்பது வயதைக் கடந்த மூத்தவன், பிள்ளைகளின் முன்னால், வெறும் பிளாஸ்டிக் துண்டோடு இருந்தேன். தம்பி எதுவும் சொல்லாமல் தனது அட்டையை எடுத்துவைத்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றி ஏதோ பேசினான்.

விடுதிக்குத் திரும்பிய பின்பு நித்திரை வரவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் அவன் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். கோபத்தை யாரிடமாவது கொட்டவேண்டும்போல் இருந்தது. "மனுசரை நம்பாத நாடு. ஒரு சொட்டுப் பெற்றோல் தாறதுக்கு முன்னம் முப்பத்து மூவாயிரத்தைப் பிடிச்சு வைக்கிறாங்கள். எங்கட ஊரில அடிச்சுப்போட்டு நாளைக்குத் தாறன் எண்டாலும் விடுவாங்கள்" என்றேன்.

அவன் சிகரெட்டை முடிக்கும்வரை பேசவில்லை.

"மறிக்காத காலத்தில நான் அங்க வேலை செய்தனான் அண்ணை" என்றான்.

அவன் கனடா சென்றது 1991 இல், பதினெட்டு வயதில். எரிபொருள் நிலையத்தில் வேலை என்று கடிதத்தில் எழுதியிருந்தான். எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். அக்காலத்தில் ரொறன்ரோ வந்திறங்கிய நமது பையன்களில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை உணவகச் சமையலறை அல்லது காஸ் ஸ்ரேசன். ஆங்கிலம் அதிகம் தேவையில்லை. இரவு வேலைக்கு உள்ளூர்க்காரர் வரமாட்டார்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் இரவு பதினொரு மணியிலிருந்து காலை ஏழு மணிவரை தனியே. வெளியே எட்டுப் பம்புகள். வாகனக்காரர் தாமே அடித்துக்கொண்டு, பிறகு உள்ளே வந்து காசு கட்டவேண்டும். வருவார்கள் என்பது நம்பிக்கை. வராமல் ஓடுபவர்களும் உண்டு. வாகன இலக்கத்தைக் குறிக்க முயலவேண்டும். பனி கொட்டும் இரவில் இலக்கத்தகடு எப்படித் தெரியும்?

"ஓடினால்?"

"முதலாளி சம்பளத்தில கழிப்பான்."

1993 இல் ஒன்ராறியோ மாகாணத்தின் அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 6 டொலர் 35 சதம். ஒரு வான் 42 டொலருக்கு நிரப்பிவிட்டு ஓடினால் ஆறரை மணித்தியால உழைப்பு ஓடியது என்று பொருள். ஏறக்குறைய ஓர் இரவு. அப்படி வெட்டுவது சட்டத்துக்கு மாறானது. களவுபோன பொருளின் பெறுமதியை, மற்றவர்களும் அணுகக்கூடிய இடத்தில் வேலை செய்பவரின் சம்பளத்தில் கழிக்க அந்த மாகாணத்தின் தொழில் நியமச் சட்டம் இடம்தரவில்லை. பெற்றோல் அடித்துவிட்டு ஓடுபவர்களின் விடயத்துக்கும் அது பொருந்தும் என்பதை 2024 இல் கொண்டுவந்த திருத்தம் ஐயத்துக்கிடமின்றி எழுதியது. அகதி வழக்கு முடியாத பத்தொன்பது, இருபது வயதுப் பையனுக்குச் சட்டம் எங்கே தெரியும்? தெரிந்தாலும் யாரிடம் போவான்?

"ஒரு மாதம் மூண்டு வாகனம் ஓடினது" என்றான். "அந்த மாதந்தான் உங்களுக்கு அனுப்பினது குறைஞ்சது."

எனக்கு அந்த மாதம் நினைவிருந்தது. நினைவிருந்தது என்பதுதான் கொடுமை.

நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். தம்பி மாதந்தோறும் நூறு டொலர் அனுப்புவான். கொழும்பிலிருந்த மாமாவின் கைக்கு வந்து, அம்மாவின் பங்குபோக மிகுதி எனக்கு வரும். அறை வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில்தான். அந்த மாதம் பாதிக்கும் குறைவாக வந்தது. நான் வான்கடிதம் ஒன்று எடுத்து அவனுக்கு எழுதினேன். எழுத்தாற்றல் உள்ளவன் என்று நண்பர்கள் சொல்லிக்கொண்ட காலம் அது. அந்த ஆற்றல் முழுவதையும் அக்கடிதத்தில் இறக்கினேன். வெளிநாட்டுக்குப் போனதும் வீட்டை மறப்பது இயற்கைதான் என்றும், அங்குள்ள சுகபோகங்களுக்கிடையே எங்கள் பசி கேட்காதென்றும், அப்பா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காதென்றும் எழுதினேன். அடுத்த மாதம் நூற்றைம்பது டொலர் வந்தது. கடிதத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. எனது கடிதம் வேலைசெய்தது என்று அப்போது பெருமைப்பட்டேன்.

"அடுத்த மாதம் எப்படிக் கூட அனுப்பினாய்?"

"ஞாயிறு இரவும் நிண்டனான்."

சிறிது நேரம் கழித்து அவனே தொடர்ந்தான். "ஒருநாள் ஒருத்தன் அடிச்சுப்போட்டு வெளிக்கிட்டான். முன்னால ஓடிப்போய்க் கையை விரிச்சுக்கொண்டு நிண்டனான். அவன் நிப்பாட்டேல்லை. கடைசி நேரத்தில விலகினனான். கால்ச்சட்டை கிழிஞ்சது மட்டுந்தான். அது இருபத்தெட்டு டொலர்."

இருபத்தெட்டு டொலர் என்று முப்பது வருடங்களுக்குப் பின்னரும் தொகை நினைவிருக்கின்றது.

விலக முடியாமற்போனவர்களும் உண்டு. 2005 மார்ச்சில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மேப்பிள் ரிட்ஜ் நகரில் கிராண்ட் டி பட்டி என்ற 24 வயது இளைஞர், இரவுக் கடமையில் தனியே இருந்தபோது, காசு கொடுக்காமல் ஓடிய காரைத் தடுக்க முயன்றார். கார் அவரை ஏழு கிலோமீற்றருக்கு மேல் இழுத்துச்சென்றது. களவுபோன பெற்றோலின் பெறுமதி 12 டொலர் 30 சதம். அவருடைய பெற்றோர் விடாமல் போராடினர். 2008 இல் கனடாவிலேயே முதன்முதலாக அம்மாகாணத்தில், முதலில் காசு, பிறகு பெற்றோல் என்பது சட்டமானது. மக்கள் அதை இன்றும் கிராண்டின் சட்டம் என்றே அழைக்கின்றனர். இரவில் இருவர் வேலையில் இருக்கவேண்டும், அல்லது ஊழியர் தடுப்புக்குள் இருக்கவேண்டும் என்ற பகுதியும் அன்று வந்தது. செலவு கூடுகின்றது என்று கடைக்காரர் முறையிட, 2012 இல் அந்தப் பகுதி தளர்த்தப்பட்டது. முற்கொடுப்பனவு மட்டும் நிலைத்தது.

அதே 2012 செப்டெம்பரில் ரொறன்ரோவில், இந்தியாவிலிருந்து குடியேறிய 44 வயது ஊழியர் ஒருவர் 112 டொலர் பெற்றோலோடு ஓடிய வாகனத்தின் கீழ் அகப்பட்டு இறந்தார். மனைவியும் ஒரு மகனும் இருந்தனர். ஒன்ராறியோவிலும் முற்கொடுப்பனவைக் கட்டாயமாக்கச் சட்டமூலம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அது அப்போது நிறைவேறவில்லை. 2015 இல் கல்கரியில், ஈரானிலிருந்து வந்த 35 வயதுப் பெண். தொகை 113 டொலர். 2017 இல் அல்பேட்டாவின் தோர்ஸ்பி என்ற சிறிய ஊரில், நிலையத்தின் உரிமையாளரான 54 வயதுக் கொரியர். 198 டொலர். அதன் பின்னர் 2018 ஜூன் 1 முதல் அல்பேட்டாவிலும் முற்கொடுப்பனவு கட்டாயமானது.

இந்தத் தொகைகளை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 12, 112, 113, 198. ஒரு பம்பின் எல்லையாக இன்று திரையில் தோன்றக்கூடிய தொகைகளைப் போன்றவை. அந்தக் காசை முன்கூட்டியே யாராவது மறித்து வைத்திருந்தால், அந்த வாகனங்களின் முன்னால் எவரும் ஓடவேண்டியிருந்திராது.

கொழும்பில் எரிபொருள் விலையேற்றம் பற்றி எத்தனையோ செய்திகளும் ஆசிரியத் தலையங்கங்களும் எழுதியிருக்கின்றேன். பாவனையாளர், முச்சக்கரவண்டிச் சாரதி, மீனவர், அமைச்சர், கூட்டுத்தாபனம் என்று எல்லோரும் அவற்றில் வருவார்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவனிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எனது வீட்டிலேயே அப்படி ஒருவன் இருந்தான்.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தத் தரிப்பிடத்தில் நின்றபடி ஏதோ சொல்ல முயன்றேன். "அப்ப நான் எழுதின கடிதம்..." என்று தொடங்கினேன். "நல்ல தமிழ் அண்ணை" என்றான் அவன். வேறெதுவும் சொல்லவில்லை. கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இருட்டில் தெரியவில்லை.

மறுநாள் திருமணம் சிறப்பாக நடந்தது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை, சாப்பாடு ஆறிவிட்டது என்பதைத் தவிர.

திரும்பும் வழியில் ஒன்றைக் கவனித்தேன். தம்பி பம்பில் அட்டையைப் போடுவதில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே சென்று, காசாளரிடம் தொகையைச் சொல்லிக் கட்டிவிட்டு வந்துதான் அடிக்கின்றான். அப்படிச் செய்தால் கட்டிய தொகை மட்டுந்தான் கணக்கில் விழும், மேலதிகமாக மறிபடாது. அதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பென்சில்வேனியாவில் ஓரிடத்தில் நேரம் நள்ளிரவைக் கடந்திருந்தது. உள்ளே சென்றவன் வெகுநேரமாக வரவில்லை. கண்ணாடிக்கூடாகப் பார்த்தேன். கூட்டுக்குள் ஒரு பையன் தனியே இருந்தான். தம்பி இரண்டு கோப்பிகளோடு நின்று அவனோடு கதைத்துக்கொண்டிருந்தான். ஒன்று எனக்காக்கும் என்று நினைத்தேன். ஒரு கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, மற்றதைக் குடித்தபடி வெளியே வந்தான்.

நான் கொழும்புக்குத் திரும்பவிருந்த நாளில், விமான நிலையத்துக்குப் போகும் வழியில், முதல்நாள் நாங்கள் நிறுத்திய அதே நிலையத்தில் வானைத் திருப்பினான். மறித்து வைத்த தொகைகளை எனது வங்கி அதற்கிடையில் விடுவித்திருந்தது. "இந்த ஒரு தரமாவது நான்" என்று இறங்கினேன். இம்முறை அவன் என்னைப் பம்பிலேயே கட்டவிட்டான். திரையில் மறுபடியும் அதே கேள்வி. எனது விரல் 150 ஐ நோக்கிப் போனது.

"நூறு காணும் அண்ணை" என்றான் தம்பி, பின்னாலிருந்து.

நூறை அழுத்தினேன்.